மடையை அடைத்தால் பேசுவான்

கோசலை அன்றைக்குக் காலையிலும் வயல்நீர் வடிகிற மடையை அடைத்தாள். ஒரு கூடை சேறு, அதன்மேல் ஒரு பிடி வைக்கோல், மறுபடி சேறு. காலால் மிதித்து இறுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் திரும்பினாள். பார்க்க யார் இருக்கிறார்கள்? வடக்குக் கோட்டகம் என்கிற அந்தத் தாழ்ந்த வயல்வெளியில் அடுப்பு எரிகிற வீடு அவளுடையது ஒன்றுதான். மற்ற வயல்களெல்லாம் அரசாங்கத்தின் ஓய்வு நிலம் ஆகிவிட்டன. நெல் நின்ற இடத்தில் நீர்மருதும் புங்கையும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு தகர எண்ணோடு. மனுஷர் போன ஊரில் மரத்துக்கு நம்பர் போட்டு யாரைக் கூப்பிடப் போகிறார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

அவளுடைய வயலின் நடுவில் ஒரு வெள்ளைக் கம்பம் நின்றது. அரசாங்கம் அதற்கு வாயு உணரி என்று பெயர் வைத்திருந்தது. ஊரில் ஆள் இருந்த காலத்தில் அதை மோப்பக்கம்பம் என்பார்கள். தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றால் சேற்றுக்குள் காற்று போகாது, உள்ளே அழுகும், மீத்தேன் என்கிற வாயு குமிழி குமிழியாகக் கிளம்பி மேலே போய் உலகத்தைச் சூடாக்கும். கம்பம் அதை முகர்ந்து மேலிடத்துக்குச் சொல்லிவிடும். அதனால்தான் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் கட்டாயம் என்று சட்டம் வந்தது. பாய்ச்சு, காயவிடு, மண் கீறல் விடும்போது மறுபடி பாய்ச்சு. மீறினால் சிவப்புப் புள்ளி. ஒரே போகத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வயல் ஓய்வுக்குப் போய்விடும், திரும்பி வராது.

சட்டம் நல்ல சட்டம்தான். கோசலைக்கு அதில் ஒரு மறுப்பும் கிடையாது. வெயில் என்ன பாடு படுத்துகிறது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் புருஷனைக் கொண்டுபோனதே ஒரு சித்திரை வெயில்தான். வரப்பில் மண்வெட்டியோடு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அப்படியெல்லாம் தெரிந்திருந்தும், இந்தப் போகத்தில் இரண்டு சிவப்பு வாங்கியிருந்தும், அவள் மடையை அடைத்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்க் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தாள். சுவரில் திருகி மாட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நடு மத்தியானத்தில் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"அம்மா, சாப்டியா?"

கோசலைக்கு உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. எத்தனை முறை கேட்டாலும் இந்தச் சிலிர்ப்பு மட்டும் குறையவில்லை. அவள் மகன் மதியழகனின் குரல். வேலைக்குப் போவதற்கு முன்பு, இருபத்து நாலு வயதில் எப்படிப் பேசினானோ அப்படியே. 'சா'வில் கொஞ்சம் இழுத்து, 'டியா'வில் சட்டென்று விட்டுவிடுகிற அதே பேச்சு.

"சாப்டேம்பா. கீரை கடைஞ்சேன். நீ சாப்டியா?"

"சாப்டேம்மா, நல்லா சாப்டேன். அம்மா, வயல்ல தண்ணி நிக்குது பாரு. கொஞ்சம் வடிச்சி விடேன்."

"வடிக்கிறேன், வடிக்கிறேன். எப்பப்பா வருவ?"

"மொதல்ல தண்ணிய வடிம்மா."

அதுதான் பெட்டியின் லட்சணம். எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றித் தண்ணீருக்கே வந்து நிற்கும். அவளுக்கும் அது தெரியாமலில்லை. அது மதி இல்லை என்பதும், அவன் பதிவுசெய்து கொடுத்த குரலைப் பொறுக்கி எடுத்து இயந்திரம் பேசுகிறது என்பதும் அவளுக்கு முதல் நாளே தெரியும். பைத்தியமா பிடித்திருக்கிறது அவளுக்கு?

உண்மையான மதி பேசி ஆறு வருஷம் ஆகிறது. அப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் அவன் வாயைத் திறந்து, "வயல ஓய்வுக்குக் குடுத்துடலாம்மா, பென்ஷன் வரும், நீ என்னோட வந்துடு" என்றான். சொன்னதில் தப்பில்லை, சொன்ன நாள்தான் தப்பு. அவள் வெந்துகொண்டிருந்தாள். "உங்கப்பன எரிச்ச சாம்பல் ஆறல, அதுக்குள்ள நெலத்த எழுதிக்குடுக்க வந்துட்டியா? இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். ரோஷக்காரன். அப்பனுக்கு மேல் ரோஷக்காரன். அன்றைக்கே கிளம்பிப் போய், தெற்கே கடலுக்குள் நடுகிற காற்றாலைகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பழைய போன் நம்பரை மாற்றிவிட்டான். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் பிள்ளைகளின் குரலில் பேசுகிற பெட்டிகள் வந்தபோது அவள் வீட்டுப் பெட்டி மட்டும் என்ன குரலில் பேசப் போகிறதோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது "அம்மா, சாப்டியா?" என்றது. கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் அழுத அழுகையை மோட்டார் கொட்டகைச் சுவர்தான் பார்த்தது.

ஒழுங்காகக் காயவிட்டுப் பாய்ச்சினால் பெட்டி பேசாது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு போகம் போதுமானதாக இருந்தது. அந்தப் போகம் முழுக்க ஊரிலேயே முதல் நல்ல பெயர் அவளுக்குத்தான், பெட்டியும் மூச்சுவிடவில்லை. அடுத்த போகம் முதல் அவள் மடையை அடைக்க ஆரம்பித்தாள்.

பழகப் பழக, எவ்வளவு வாயு ஏறினால் என்ன பேசுவான் என்பதுகூட அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. முதலில் சாப்டியா என்பான். பிறகு கொஞ்சுவான். அதையும் கேட்கவில்லை என்றால் குரலில் லேசாகக் கோபம் வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில், சிவப்பு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்காகம்மா. எனக்காக இத மட்டும் செய்யி" என்பான். அந்த 'எனக்காக' வந்ததும் எழுந்து ஓடிப்போய் மடையைத் திறந்துவிட வேண்டும். இந்தப் போகத்தில் இரண்டு தடவை, இன்னொரு முறை சொல்லட்டும், இன்னும் ஒரே ஒரு முறை, என்று உட்கார்ந்தே இருந்துவிட்டாள். அப்படி வாங்கியதுதான் அந்த இரண்டு சிவப்பும்.

மறுநாள் சாயங்காலம் இருதயராஜ் வந்தான். வயல் வாயு அலுவலகத்தின் கள ஆய்வாளன், முப்பது வயசிருக்கும். அந்தப் பக்கத்துக் கோட்டகங்களுக்கெல்லாம் அவன் ஒருவன்தான். வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு, அவளிடம் பேசாமல் நேரே மடைக்குப் போனான். குனிந்து சேற்றைத் தோண்டினான். கையில் வைக்கோலோடு நிமிர்ந்தபோது கோசலை பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"பெரியம்மா, நண்டு வளை தோண்டி மடை அடைச்சுக்கிச்சுன்னு போன தடவ சொன்னிய. நண்டு வைக்கோல் வச்சா அடைக்கும்?"

"காபி போடவா தம்பி?"

"காபி இருக்கட்டும். இன்னொரு செவப்பு விழுந்தா நெலம் போயிடும். நான் தடுக்க முடியாது, கம்பம் நேரா மேல சொல்லிடும். நெலத்துக்காகப் பெத்த புள்ளையவே வேணாம்னவிய நீங்கன்னு ஊர்ல இருந்தவொ சொல்லுவாவொ. அப்பேர்ப்பட்ட நெலத்த நீங்களே ஏன் இப்புடிக் கொல்லுறிய?"

கோசலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"அது ஏன் தம்பி, தண்ணி நின்னா மட்டும் பேசுது? காஞ்சா பேச மாட்டேங்குது?"

இருதயராஜுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அடக் கடவுளே" என்றான் மெதுவாக.

"சொல்லு தம்பி."

"மொதல்ல ஆபீசர் குரல்லதாம்மா சொன்னோம். ஜனங்க சாக்கப் போட்டு மூடிட்டாவொ. அபராதம் போட்டோம், கம்பத்தையே புடுங்கிப் போட்டாவொ. அப்பறம் மெட்ராஸ்ல ஒரு புத்திசாலி கண்டுபுடிச்சாரு. கவர்மெண்டு சொன்னா கேக்காத சனம், பெத்த புள்ள சொன்னா கேக்கும்னு. உறவுக்குரல்னு பேரு வச்சாங்க."

"கேட்டாவொளா?"

"கேட்டாவொ. பாதிக்குப் பாதி வாயு கொறஞ்சிருக்கு. மழ பேயுற லட்சணமே மாறுதுன்னு சொல்றாங்க. ஒழுங்கா இருக்கறவங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்னுதான், தப்பு நடந்தா மட்டும் பேசுற மாதிரி வச்சோம்."

"ஒழுங்கா இருக்குற அம்மாவ மவன் கூப்புடவே மாட்டானா தம்பி?"

தூரத்தில் புங்கை வரிசைக்குள் ஒரு மயில் அகவியது. அவன் எழுந்து கொட்டகைக்குள் போனான். பையிலிருந்து திருப்புளியை எடுத்தான்.

கோசலை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "வேணாம் தம்பி. இனிமே அடைக்க மாட்டேன். சத்தியமா அடைக்க மாட்டேன்."

"அடைப்பிய பெரியம்மா. நானா இருந்தாலும் அடைப்பேன்."

அவள் விலகி நின்றாள். அவன் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். அவள் அவன் கையைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மாடும் வாயு விடுதுன்னு சர்க்கார் வரம்பு போடுறதுக்கு முன்னாடி எங்க வீட்ல ஒரு பசு நின்னுச்சு. கன்னு செத்துப்போச்சு. கன்னு இல்லாம பால் எறக்க மாட்டேங்குதுன்னு எங்க வூட்டுக்காரவொ அந்தத் தோல உரிச்சு, வைக்கோல அடைச்சு, நாலு குச்சிய நட்டு முன்னால நிறுத்துனாவொ. மாடு அத நக்கு நக்குன்னு நக்கிக்கிட்டே பால் குடுத்துச்சு. மாடுதானே, ஏமாந்துடுச்சுன்னு நெனச்சிருந்தேன்." திரும்பி அவனைப் பார்த்தாள். "அது ஏமாறல தம்பி. தெரிஞ்சேதான் நக்கியிருக்கு."

இருதயராஜ் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்துவிட்டு வெகுநேரம் பையின் கயிற்றையே முடிந்துகொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா பெரியம்மா? இந்தக் குரல் குடுக்கறது கட்டாயமில்ல. இஷ்டப்பட்டவங்கதான் குடுத்தாங்க. ஒரு நாள் லீவு போட்டு உக்காந்து பக்கம் பக்கமா வாசிக்கணும். உங்க மவன் வேலைக்குச் சேந்த புதுசுலயே வாசிச்சிருக்காரு."

அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். இதை அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. சர்க்கார் வேலை, கொடு என்றிருப்பார்கள், கொடுத்திருப்பான் என்றுதான் இத்தனை நாள் இருந்தாள்.

"அவர்கிட்ட நான் பேசவா?"

"வேணாம். இந்தக் கூத்தெல்லாம் அவனுக்குத் தெரியவேணாம். கெழவிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நெனப்பான். பெட்டியத்தான் எடுத்துட்டிய, அந்தக் கொரல மட்டும் எப்பவாவது என் போனுக்காவது வர வச்சுக் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

"பாக்குறேன் பெரியம்மா" என்றான் இருதயராஜ். போகும்போது மடையை முழுசாகத் திறந்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வயல் காய்ந்தது. சட்டப்படி காய்ந்தது. மண் கீறல் விட்டதும் பாய்ச்சினாள், மறுபடி காயவிட்டாள். பயிர் நன்றாகத் தூர் கட்டியது, சும்மா சொல்லக்கூடாது. கம்பத்து விளக்கு பச்சையிலிருந்து மாறவே இல்லை. நிலம் அவளுக்கே என்று உறுதியாகிவிட்டது, ஆனால் அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. சமைத்தாள், சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள். தொண்டை கட்டிவிட்டதோ என்று பார்ப்பதற்காகச் சில சமயம் மரத்தின் நம்பரைச் சத்தமாக வாசித்தாள். மத்தியானமானால் கால் தானாகக் கொட்டகைப் பக்கம் போனது. சுவரில் நாலு ஆணி ஓட்டையும், வெயில் படாத ஒரு வெளிறிய சதுரமும் இருந்தன. அதன் எதிரே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டு வருவாள். ஒரு நாள் மனசு கேட்காமல் மடையருகே கூடைச் சேற்றோடு நின்றாள். அடைத்து மட்டும் என்ன ஆகப் போகிறது, பேசத்தான் பெட்டி இல்லையே என்று சேற்றை வரப்பிலேயே கொட்டிவிட்டு வந்தாள்.

கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் ஒரு காலை, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அம்மா" என்றது ஒரு குரல்.

கோசலை கால் கழுவுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இருதயராஜ் நல்ல பிள்ளை, சொன்னபடி செய்துவிட்டானே. ஆனால் அடுத்த நொடியே முகம் சுண்டிப்போயிற்று. இது என்ன குரல்? கரகரவென்று, நெல் அரைக்கிற மில்லில் நின்று கத்திக் கத்திப் பழுதான மாதிரி. பின்னால் வேறு ஹோவென்று ஒரே இரைச்சல்.

"சொல்லுப்பா. தண்ணியெல்லாம் வடிச்சு, காய விட்டுத்தான் பாய்ச்சுறேன்" என்றாள், பெட்டியிடம் சொல்கிற பழக்கத்தில்.

"என்ன தண்ணி?"

அட, அதுகூடத் தெரியவில்லை. சரியாகச் சொல்லிக்கொடுக்காமலே அனுப்பிவிட்டார்கள் போல. சாப்டியா என்றுகூடக் கேட்கவில்லையே.

"அம்மா, நான்... எப்புடி இருக்க?"

"தம்பி, யாரு இதப் போட்டது? இருதயராஜா?" கோசலைக்கு ஏமாற்றத்தில் கோபமே வந்துவிட்டது. "இது எம் மவன் மாதிரி இல்லைங்க. எம் மவன் கொரலு வெங்கலமாட்டம் இருக்கும். இது வேணாம். அந்தப் பழச எங்க வச்சிருக்கியளோ, அதையே குடுங்க. இல்லேன்னா ஒண்ணும் வேணாம்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"சரி" என்றது குரல். "வச்சிடுறேன்."

வைத்துவிட்டது.

கோசலை போனை இடுப்பில் செருகிக்கொண்டு மறு காலைக் கழுவினாள். கணுக்காலில் அப்பியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். வெங்கலக் குரலை எடுத்துக்கொண்டு தகர டப்பாவைக் கொடுக்கிறார்கள், கவர்மெண்டு புத்தி எங்கே போகும் என்று முணுமுணுத்தாள். சேறு போய்விட்டது. அவள் கை மட்டும் அங்கேயே நின்றது.

பெட்டி எத்தனையோ பேசியிருக்கிறது. கொஞ்சியிருக்கிறது, கோபித்திருக்கிறது, 'எனக்காக' என்று உருகியிருக்கிறது. ஒருநாளும் மூக்கை உறிஞ்சியதில்லை. மதி சின்ன வயசில் அடி வாங்கினால் அழமாட்டான். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒரே ஒரு தடவை மூக்கை உறிஞ்சுவான், அவ்வளவுதான். அதை வைத்துத்தான் அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அவள் கண்டுபிடிப்பாள். என்ன தண்ணி என்று கேட்டானே. பெட்டிக்குத் தெரியாத தண்ணீரா? அவனுக்கல்லவா தெரியாது. இந்தக் கூத்தைச் சொல்லாமல், கூப்பிடு என்று மட்டும் இருதயராஜ் அவனிடம் சொல்லியிருப்பான். கடல் காற்றில் ஆறு வருஷம் ஆளுக்கு ஆள் கத்திப் பேசி வேலை செய்கிறவன் குரல், இங்கே டப்பாவில் கிடக்கிற குரல் மாதிரி இருபத்து நாலு வயசிலேயே நின்றுவிடுமா?

"அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று வாய்விட்டே சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாசப்படியை மிதிக்காதே என்றாள். இன்றைக்குப் படியேறி வந்தவனை, நீ வேண்டாம், உன் வைக்கோல் கன்றைக் கொடு என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

போனை எடுத்தபோது ஈரக்கையில் வழுக்கி வாய்க்காலில் விழப் பார்த்தது. புடவையில் துடைத்து, வந்த நம்பரை அமுக்கினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான், ரோஷக்காரன், எடுக்கமாட்டான் என்று நினைக்கிறபோது எடுத்தான்.

அவன் பேசவில்லை. அவளுக்கும் வாய் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று மகனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது, அவள் வம்சத்திலேயே யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் காற்று ஹோவென்று வீசிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் அவன் மூச்சு விடுவது கேட்டது. பெட்டி ஒருநாளும் இப்படிச் சும்மா இருந்ததில்லை. அவள் திறந்து கிடந்த மடையின் ஓரமாக, கீறல் விட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"சாப்டியாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றது அந்தக் கரகரத்த குரல்.